றீற்றாவின் காலில் ஒரு கையெழுத்து

பயிற்சி முடித்து வேலைக்கு வரும் நீங்கள், உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். பொய்க்கால் செய்வது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அதை உங்களுக்கு நன்றாகவே சொல்லித் தந்திருப்பார்கள். நாங்கள் கண்மதிப்பில் செய்ததையெல்லாம் நீங்கள் கணினியில் அளந்து செய்கிறீர்கள். நான் சொல்ல வந்தது வேலைத்தளத்துக்குள் வரும் ஆட்களைப் பற்றி. கால் தேவைப்பட்டு வருகிறவர்களை அல்ல, பார்க்க வருகிறவர்களை.

நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கும் வரைக்கும் அவர்கள் வருவார்கள். மாலையோடு வருவார்கள், கமராவோடு வருவார்கள். கால் இழந்த ஒருவருக்குப் பக்கத்தில் நின்றால் தங்களுடைய உயரம் ஒரு சாண் கூடும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்களை விரட்ட முடியாது. சில வேளை விரட்டவும் கூடாது. ஆனால் அவர்கள் கையில் பேனை இருந்தால் அதில் ஒரு கண் இருக்கட்டும்.

சமாதான காலம் என்று நாங்கள் சொல்லும் அந்த நாட்களில், போரால் மூடிக்கிடந்த கண்டி வீதி திறந்தது. வீதி திறந்ததும் முதலில் ஐஸ்கிறீம் வந்தது, பிறகு புது மோட்டார்சைக்கிள்கள் வந்தன, அதற்குப் பிறகு பிரமுகர்கள் வந்தார்கள். பாடகர்கள், நடிகர்கள், விளையாட்டுக்காரர்கள் என்று கிழமைக்கு ஒருவராவது வன்னியைப் பார்க்க வந்து, வன்னி தங்களைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சனம் முதலில் கொப்பியில் கையெழுத்து வாங்கியது. பிறகு குடையில் வாங்கியது, சைக்கிள் சீற்றில் வாங்கியது, தண்ணீர்ப் போத்தலில் வாங்கியது.

முள்ளியவளையில் எனக்கு முடி வெட்டுகிறவர் தன் கடைக் கண்ணாடியிலேயே ஒரு பாடகரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். பிறகு அந்தக் கண்ணாடியைத் துடைக்க விடவில்லை. கதிரையில் இருந்து பார்த்தால் என் முகத்தில் இடது பாதி தெரியும். வலது பாதியில் பாடகர் 'என்றும் அன்புடன்' இருப்பார்.

"எனக்கு மற்றப் பக்கம் தெரியேல்லையே" என்று கேட்டால், "அதை நான் பாக்கிறன்தானே. நீங்கள் அவற்ற எழுத்தைப் பாருங்கோ, முத்து மாதிரி" என்பார்.

ஒரு பக்கக் கிருதா மேலேயும் மற்றது கீழேயுமாக நான் வேலைக்குப் போன நாட்கள் உண்டு. ஆனாலும் அவரோடு நான் சண்டைக்குப் போகவில்லை. கண்ணாடி அவருடையது. கேட்டு வாங்கியதும் அவர்தான். பிடிக்காதவன் வேறு கடைக்குப் போகலாம். துடுப்பாட்டக்காரர் மட்டையில் கையெழுத்து வைத்தால் அதில் ஒரு பொருத்தம் இருக்கிறது, அது அவருடைய தொழில். பாடகர் சலூன் கண்ணாடியில் வைத்தால் அது முட்டாள்தனம். ஆனால் ஒருவருக்கும் கேடில்லாத முட்டாள்தனம். அதற்கும் அப்பால் ஒரு வகை இருக்கிறது. அது எங்கள் வேலைத்தளத்துக்குள் நடந்தது.

எங்கள் வேலைத்தளம் கிளிநொச்சியில் ஒரு பழைய நெற்களஞ்சியத்தில் இருந்தது. வெயில் காலத்தில் நாங்கள் அவிந்தோம், மழைக் காலத்தில் அச்சு வார்த்த சாந்து காயாமல் கிடந்தது. அங்கே கால் செய்ய வந்தவர்களில் ஒருவர் றீற்றா. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். கணவர் கடலுக்குப் போவார். அவர் கொண்டு வரும் மீனைப் பெட்டியில் கட்டி, சைக்கிளில் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பது றீற்றாவின் வேலை. இடம்பெயர்ந்திருந்து ஊருக்குத் திரும்பிய புதிதில் விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடி. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

போகாமல் இருந்தது வாய். விலை பேசிப் பழகிய வாய். அச்சு எடுக்க வந்த முதல் நாளே என்னோடு பேரம் தொடங்கிவிட்டார்.

"அண்ணை, எப்ப முடியும்?"

"மூண்டு கிழமை செல்லும் தங்கச்சி."

"நீங்கள் ஒரு கிழமையெண்டு சொல்லுங்கோ, நான் ரண்டு கிழமையெண்டு சொல்லுறன். முடிப்பம்."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மூத்த மகளுக்குத் தேவாலயத்தில் முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, கொடுக்க இருந்தார்கள். மகளைப் பீடம் வரைக்கும் தானே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது றீற்றாவின் ஆசை.

"ரண்டு கையிலயும் ஊன்றுகோல் எண்டால் பிள்ளையின்ர கையை நான் என்னெண்டு பிடிக்கிறது, சொல்லுங்கோ?" என்று கேட்டார்.

ஆகவே கையிருப்பில் கடைசியாக இருந்த பிளாஸ்ரிக் தகட்டை எடுத்து அவருடைய காலைச் செய்தேன். அடுத்த தகடுகள் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அனுமதிக்காகக் காத்துக்கிடந்தன. எப்போது வரும் என்று அந்தத் தகடுகளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

முதல் நன்மை ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய புதன்கிழமை றீற்றா காலைப் பூட்டிக்கொண்டு போக வந்தார். அன்றைக்குத்தான் நடிகரும் வந்தார்.

நடிகர் சென்னையிலிருந்து வந்தவர். திரையில் ஒற்றை ஆளாக ஒரு ஊரையே அடித்து விழுத்துகிறவர். நேரில் என் தோளளவு. அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து உதவி நிறுவனம் ஒன்றின் அலுவலர் அவரைக் கூட்டி வந்தார். எங்கள் பணிப்பாளர் அந்த வரவுக்காக இரண்டு நாளாகத் தூங்கவில்லை. தனக்காக அல்ல, ஓர் அடுப்புக்காக. தகட்டை இளக்கும் எங்கள் பழைய மின்னடுப்பு ஒரு பக்கம் கருக்கும், மற்றப் பக்கம் இளக்காது. நடிகர் வந்தால் படம் வரும், படம் வந்தால் பணம் வரும், பணம் வந்தால் புது அடுப்பு வரும் என்று அலுவலர் பணிப்பாளருக்குச் சொல்லியிருந்தார்.

நடிகர் கறுப்புக் கண்ணாடியை உள்ளே வந்த பிறகும் கழற்றவில்லை. களஞ்சியத்துக்குள் வெளிச்சம் குறைவு. ஆகவே வாசலுக்குப் பக்கத்தில் இருந்த சாந்து வாளிக்குள் வலது காலை வைத்துவிட்டார். பளபளவென்ற கறுப்புச் சப்பாத்து வெள்ளைச் சப்பாத்தாக வெளியே வந்தது. நாங்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தோம். சுவரோர வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த றீற்றா மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

நடிகருக்குப் பின்னால் ஒருவர் மூடி திறந்த கறுப்பு மாக்கர் ஒன்றை ஏந்திக்கொண்டே வந்தார், ஐயருக்குப் பின்னால் தீபத்தட்டு வருவது போல. நடிகர் கையை நீட்டினால் மாக்கர் கைக்கு வரும். அவர் முதலில் சுவரில் கையெழுத்து வைத்தார். பிறகு சாய்த்து வைத்திருந்த ஒரு சோடி ஊன்றுகோலில் வைத்தார். என்னுடைய வேலை அங்கியின் சட்டைப்பையிலும் வைத்தார். நெஞ்சில் ஏதோ ஊர்கிறது என்று குனிந்து பார்த்தபோதுதான் எனக்கே தெரியும். கடைசியாக மேசைக்கு வந்தார். மேசையில், துடைத்து மினுக்கி, பட்டி பூட்டி, றீற்றாவின் கால் இருந்தது.

அதைத் தூக்கினார். கமராவுக்குக் காட்டினார். முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரைக்கும் 'அன்புடன்' என்று எழுதி, தன் பெயரை எழுதி, பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டின் நுனியில் ஒரு நட்சத்திரமும் போட்டார். அது யாருடைய கால் என்று அவர் கேட்கவில்லை. அலுவலரும் கேட்கவில்லை. பணிப்பாளர் மனதில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் பாய்ந்து போவதற்குள் நட்சத்திரத்தின் முனைகள் எல்லாம் முடிந்துவிட்டன. எல்லோரும் கை தட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்தபோது வாங்கிலிருந்து றீற்றாவின் குரல் கேட்டது.

"அண்ணை, அது என்ர காலெல்லோ?"

நடிகருக்கு அது கேட்கவில்லை. பின்னால் பணிப்பாளரின் அறையில் முல்லைத்தீவு நண்டுக்கறியோடு சாப்பாடு தயாராக இருந்தது. அந்த மணம் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனது. பணிப்பாளரும் அலுவலரும் மட்டும் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்கள். அலுவலர் காலை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இதை ஏலத்தில விடலாம்" என்றார். "வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் இதுக்கு எவ்வளவும் குடுக்கும். இந்த ஒரு காலால கன பேருக்குக் கால் வரும். உங்கட அடுப்பும் வந்திடும்."

"அது அந்தத் தங்கச்சிக்கு அளந்து செய்த கால்" என்றேன் நான். "வேற ஒருத்தருக்கும் பொருந்தாது."

"ஏலத்தில எடுக்கிறவர் போட்டுக்கொண்டு நடக்கப் போறாரோ அண்ணை? கண்ணாடிப் பெட்டிக்குள்ளதானே வைக்கப் போறார்."

சுவரில் ஆணியடித்து, பழுதாகிப்போன பழைய கால்கள் பலதைத் தொங்க விட்டிருந்தோம். அவற்றைக் காட்டினேன். "இதில ஒண்டை எடுத்து இன்னொருக்கா கையெழுத்து வாங்குங்கோ. கண்ணாடிப் பெட்டிக்கு எது இருந்தால் என்ன?"

அலுவலர் சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது போலச் சிரித்தார். "அது சரிவராது. உண்மையா ஒருத்தர் போட இருந்த காலெண்டால்தான் பெறுமதி. அவவின்ர படமும் கதையும் சேத்துப் போடவேணும்."

எங்களுக்கு, பொருந்தாத கால் பெறுமதியில்லாதது. அந்த அலுவலர் தம்பிக்கு, பின்னால் ஒரு காயம் இல்லாத கால் பெறுமதியில்லாதது. இரண்டு பேருமே கால் சம்பந்தமான வேலையில்தான் இருந்தோம்.

பணிப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதரல்ல. அதை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். கெட்டவர்களை எதிர்ப்பதற்கு யோசனை தேவையில்லை.

"ஒரு ஞாயிற்றுக்கிழமை பிந்தினால் என்ன?" என்றார். "அடுப்பு வந்தால் எத்தினை பேர் நடப்பினம், யோசிச்சுப் பாரும். அவவுக்குத் தகடு வந்த உடனை முதல் கால் செய்து குடுப்பம். இப்ப இதைக் கொண்டுபோய்ப் பூட்டி வையும்."

அலுமாரித் திறப்பை என் கையில் தந்துவிட்டு விருந்தாளிகளிடம் போனார்.

ஒரு கையில் திறப்பு, மறு கையில் கால். நான் நின்றேன். பணிப்பாளரின் கணக்கில் பிழை கண்டுபிடிக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை. ஒரு காலைக் கொடுத்துப் பல கால்கள் வாங்கலாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தக் கணக்கைப் போட்டவர்கள் எல்லோருக்கும் இரண்டு கால்கள் இருந்தன. காலைக் கொடுக்க வேண்டியவரை மட்டும் ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஆகவே நான் றீற்றாவை நடை பழகும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். ஏலத்தைச் சொன்னேன், அடுப்பைச் சொன்னேன், ஓமந்தையில் கிடக்கும் தகட்டைச் சொன்னேன். "இது உங்கட கால். நீங்கள் ஓமெண்டால் குடுப்பம், இல்லையெண்டால் இல்லை" என்றேன்.

அவர் கையெழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். அது அழியவில்லை.

"கன பேருக்குக் கால் வருமெண்டால் அது நல்ல விசயம்தானே" என்றார்.

"ஓம்."

"அவைக்கும் என்னைப்போல அவசரம் இருக்கும்."

"இருக்கும்."

இன்னும் கொஞ்சம் யோசித்தார். பிறகு நிமிர்ந்தார். மீன் விலை சொல்லும்போது வரும் முகம் அது.

"அவர் வடிவான சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தவரெல்லோ அண்ணை. அதில கையெழுத்து வைச்சு வித்தால் என்ன? நல்ல விலைக்குப் போகுமே. அது அவற்ற சொந்தச் சப்பாத்து. கழட்டிப்போட்டு வெறுங்காலோட சென்னைக்குப் போகட்டும். அவருக்குத்தான் ரண்டு காலும் இருக்கே."

இத்தனை பெரிய மனிதர்கள் சேர்ந்து போட்ட கணக்கில் அந்தச் சப்பாத்து ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"அப்ப காலைக் குடுக்கேலாதெண்டு அவைக்குச் சொல்லுறன். எழுத்து இருந்தால் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டு போங்கோ. சேலை மறைக்கும்தானே?" என்று கேட்டேன்.

"சேலை ஊருக்கு மறைக்கும். எனக்கு மறைக்குமோ?" என்றார் றீற்றா. "இரவில கழட்டிப் பாய்க்குப் பக்கத்தில வைக்கோணும். என்ர மனுசன் கடலால வந்து படுக்கேக்க, தலைமாட்டில இன்னொரு ஆம்பிளையின்ர பேர் 'அன்புடன்' எண்டு கிடக்கும். அந்த மனுசன் என்ன செய்யும் பாவம்?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிய அவருடைய கண் கலங்கியிருந்தது.

"என்ர காலைத் தின்ற வெடியில ஒருத்தற்ற பேரும் எழுதியிருக்கேல்லை அண்ணை" என்றார். "இதில மட்டும் ஏன்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முதல்ல பூட்டுங்கோ. பொருந்துதோ பாப்பம்."

பூட்டுங்கோ என்றதும்தான் எனக்குப் பொறி தட்டியது. பணிப்பாளர் என்ன சொன்னார்? பூட்டி வையும் என்றார். எங்கள் தொழிலில் காலைப் பொருத்துவதற்கும் பூட்டுவது என்றுதானே பெயர்? பணிப்பாளர் சொல்லைத் தட்டாத ஊழியன் நான். அலுமாரித் திறப்பைச் சட்டைப்பைக்குள், நடிகரின் கையெழுத்துக்குப் பின்னால் போட்டுவிட்டு, காலை றீற்றாவுக்குப் பூட்டினேன்.

அவர் நடை பழகுவதற்கு இரு பக்கமும் பூட்டியிருந்த கம்பிகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முதல் அடி பயந்து வைத்தார். இரண்டாவது அடியில் உதட்டைக் கடித்தார். நோகிறதா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினார். கம்பியின் முடிவுக்குப் போய்த் திரும்பும்போது வலது கை கம்பியை விட்டுவிட்டது. அந்தக் கையை அவர் கொஞ்சம் கீழே தாழ்த்தி, விரல்களை மடக்கி, ஒரு சின்னக் கையைப் பிடித்திருப்பது போல வைத்துக்கொண்டு நடந்தார். அதைப் பார்த்த பிறகு அந்தக் காலை நான் கழற்றுவதாக இல்லை.

சாப்பாடு முடிந்து எல்லோரும் வந்தார்கள். நடிகர் நண்டு சாப்பிட்ட விரலைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கால் எங்க?" என்று பணிப்பாளர் மெல்லக் கேட்டார்.

"நீங்கள் சொன்னமாதிரிப் பூட்டியாச்சு ஐயா."

"எங்க?"

றீற்றாவைக் கையால் காட்டினேன். பணிப்பாளரின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குப் பாவமாக இருக்கிறது. அலுவலர் அதற்குள் சுதாகரித்துவிட்டார். இது இன்னும் நல்லது, அவவே காலோடு நிற்கட்டும், சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தால் கையெழுத்துத் தெரியும், ஒரு படம் எடுத்துவிட்டுப் பிறகு கழற்றலாம் என்று படம் பிடிப்பவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்.

றீற்றா அவரைப் பார்க்கவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நேரே நடிகரிடம் நடந்து போனார்.

"ஐயா, ஒண்டு கேக்கலாமோ?"

"சொல்லுங்கம்மா" என்றார் நடிகர்.

"உங்கட காலில என்ர பேரை எழுத விடுவியளோ?"

நடிகருக்கு விளங்கவில்லை. இரசிகையின் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை என்றதும் சிரிப்பை நிறுத்தினார். றீற்றா சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சமாக உயர்த்தினார். கோடும் நட்சத்திரமும் தெரிந்தன.

"இது உங்க காலாம்மா?"

"என்ர கால்தான். உங்களுக்கு முதலே என்ர கால்."

அலுவலர் இடையில் வந்தார். "சேர், அவவுக்கு இண்டைக்குக் கொஞ்சம் மனக்குழப்பம்..."

"இருங்க தம்பி" என்றார் நடிகர். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடிக்குப் பின்னால் சாதாரணமான, தூக்கம் குறைந்த இரண்டு கண்கள் இருந்தன. "யாரோடதுன்னு நான் கேக்கவே இல்லைம்மா. எதை நீட்டினாலும் போட்டுப் பழகிடுச்சு. தப்புதான். அழிச்சுடலாம்."

"ஆர் அழிக்கிறது?" என்று கேட்டார் றீற்றா.

நடிகர் ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். பிறகு "நானேதான்" என்றார்.

றீற்றாவைக் கதிரையில் இருத்தினேன். நடிகர் முன்னால் குந்தினார். நான் தின்னர் தோய்த்த துணியைக் கொடுத்தேன். தேய்த்தார். பெயர் கரைந்து ஒரு கறுப்பு மேகமாகப் பரவியதே தவிரப் போகவில்லை. நட்சத்திரம் அப்படியே இருந்தது. பிறகு அரத்தைக் கொடுத்தேன். திரையில் எதிரிகளைக் கையாளும் வேகத்தோடு அரத்தைப் போட்டார். பத்து நாள் மினுக்கிய என் வேலை கண் முன்னாலேயே கீறல் கீறலாகப் போய்க்கொண்டிருந்தது.

"மெல்லமா ஐயா" என்றார் றீற்றா. "உங்களுக்குப் பழுதில்லை, நான் நடக்கோணும்."

நடிகரின் நெற்றியில் வியர்வை வடிந்தது. படம் பிடிப்பவர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்து விழுந்து எடுத்தார்கள். அலுவலர் தலையில் கை வைக்காத குறை. ஒரு கட்டத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. அரத்தை அவரிடமிருந்து வாங்கி, மிச்சத்தை நானே சீவி மினுக்கி முடித்தேன்.

றீற்றா எழுந்து நின்று குனிந்து பார்த்தார். திருப்திப்பட்டார். பிறகு தன் பைக்குள்ளிருந்து ஒரு கொப்பியை எடுத்தார்.

"இது என்ர மூத்தவளின்ர கொப்பி. அவளுக்கு உங்கட படமெண்டால் உயிர். இதில ஒண்டு வைச்சுத் தாங்கோ, ஐயா. பெரிசா வேண்டாம்."

நடிகர் மாக்கரை வாங்கவில்லை. என்னிடம் பேனை கேட்டு வாங்கி, மகளின் பெயரைக் கேட்டு எழுதி, கீழே சின்னதாகக் கையெழுத்து வைத்தார். அன்றைக்கு அவர் வைத்த கையெழுத்துகளில் கேட்டு வைத்தது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போகவில்லை. போனவர்கள் சொன்னார்கள், பிள்ளை "அம்மா மெல்ல, அம்மா மெல்ல" என்று கையைப் பிடித்து இழுத்ததாம். றீற்றா அவ்வளவு வேகமாக நடந்தாராம்.

இதைக் கேட்டுவிட்டு நான் ஒரு வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். புது அடுப்பு வரவில்லை. கொழும்பு அலுவலர் பிறகு எங்கள் பக்கம் தலை காட்டவில்லை. பணிப்பாளர் என்னோடு நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பழைய அடுப்பு கருக்கிய தகட்டையெல்லாம் தூக்கி என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். தகடு கருகியதால் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்களின் முகத்தையும் நான்தான் பார்த்தேன். றீற்றா ஓம் என்று சொல்லியிருந்தால் அந்தக் காலை நானே பொதி செய்து அனுப்பியிருப்பேன். அவர் இல்லை என்றார், ஆகவே பூட்டினேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். நல்ல நோக்கத்தோடு, நல்ல மனிதர்கள், நல்ல கணக்கோடு வருவார்கள். கணக்கைச் சரிபார்ப்பது உங்கள் வேலை அல்ல. அந்தக் கணக்கில் கழிக்கப்படுகிறவரைக் கூப்பிட்டு முன்னால் இருத்துவதுதான் உங்கள் வேலை.

சில மாதங்களுக்குப் பிறகு றீற்றா வேலைத்தளத்துக்கு வந்தார். மீன் பெட்டி கட்டிய சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, கையில் ஒரு சினிமாச் சஞ்சிகையோடு உள்ளே வந்தார். வவுனியாவில் யாரோ வாங்கி மகளுக்குக் கொடுத்ததாம்.

"அண்ணை, இதைப் பாருங்கோவன்."

முழுப் பக்கப் படம். நடிகர் குந்தியிருந்தார். நெற்றியில் வியர்வை, கையில் அரம். முன்னால் ஒரு பொய்க்கால். அதற்கு மேலே கொஞ்சம் சேலை. அதற்கு மேலே படம் முடிந்துவிட்டது. றீற்றாவின் முகத்துக்கு அந்தச் சஞ்சிகையில் இடம் இருக்கவில்லை. கீழே கொட்டை எழுத்தில், போரில் காலிழந்த ஏழைப் பெண்ணுக்கு நடிகர் தன் சொந்தக் கையாலேயே கால் செய்து கொடுத்தார் என்று போட்டிருந்தது.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. அந்தக் கீறல்களை மினுக்கி எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடிதம் எழுதுவேன் என்றேன், விட மாட்டேன் என்றேன். பணிப்பாளர்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நெடுநாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

றீற்றா கோபப்படவே இல்லை. சஞ்சிகையை வாங்கி, படத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்தார். அங்கே யாருடையதோ ஒரு முழங்கை பாதி தெரிந்தது.

"கோபிக்காதேங்கோ. நீங்களும் இருக்கிறியள்தானே. இந்தா, இந்த முழங்கை."

பிறகு வாங்கில் இருந்து, சேலையை ஒதுக்கி, காலை என் பக்கம் நீட்டினார்.

"பட்டி தளர்ந்து போச்சு அண்ணை. செய்தவரட்டையே குடுத்து இறுக்குவம் எண்டால் சென்னை தூரமாக் கிடக்கு. நீங்களே ஒருக்கா இறுக்கி விடுங்கோ. மீன் பழுதாகப் போகுது."

இறுக்கி விட்டேன்.